பெயர் யார் பேரில்

சங்கத்தின் பெயரைத் தட்டினால்
இப்போது சீட்டு விரிகிறது.
கிரீடம் வைத்த ராணி கண்ணடிக்கிறாள்:
முதல் ஐநூறு இலவசம், இன்றே ஆடுங்கள்.

ஆன்டாப் ஹில்லில் எங்களுக்கு
இரண்டு ஐஸ் பெட்டி, ஒரு வண்டி,
எந்நேரமும் எழுப்பக்கூடிய ஒரு டிரைவர்.
நடுராத்திரி சாவு விழுந்த வீட்டில்
யாராவது ஒரு பிள்ளை போனை எடுத்துத்
தேடுவது எங்களைத்தான்.
நேற்று ஒருவன் கேட்டேவிட்டான்:
"பெட்டி கேட்டா சீட்டாடக் கூப்பிடுதீங்களே அக்கா?"

கம்பெனிக்குப் போன் போட்டேன்.
நாற்பது நிமிடம் சிதார் வாசித்தார்கள்.
பிறகு ஒரு பெண் இந்தியில் சொன்னாள்,
மேடம், அந்தப் பெயர் உங்களுடையது அல்ல.
சங்கப் பதிவு எண்ணைச் சொன்னேன்,
தலைவர் கையெழுத்தை, ரப்பர் ஸ்டாம்பைச் சொன்னேன்.
ஜெபசிங் என்று ஒருவர் பேரில் இருக்கிறது என்றாள்.
தவணை தாண்டிவிட்டது.
பதினோரு நாளுக்குள் அவர் வந்தால் உண்டு,
அப்புறம் ஏலம்.

ஜெபசிங்கை எங்கள் எல்லாருக்கும் தெரியும்.
ஆயிரத்து நூற்று எண்பது ரூபாய்க்கு ரசீது எங்கே என்று
பொதுக்குழுவில் பொருளாளர் கேட்டபோது
நாற்காலிகூடச் சத்தம் போடாமல்
எழுந்து போனவன்.
பின்வரிசையில் ஒருத்தர் "கள்ளன்" என்றார்.
நான் தலையாட்டவில்லை.
தடுக்கவும் இல்லை,
மினிட் புக் எழுதிக்கொண்டிருந்தேன்.

வக்கீல் நோட்டீஸ் என்றார் பொருளாளர்.
நாலு பையன்களை அனுப்பலாம் என்றார் இன்னொருத்தர்.
நான் சயானில் அம்பர்நாத் ஸ்லோ பிடித்தேன்.
மகளிர் பெட்டியில் பட்டாணி உரிக்கிற ஒருத்தியின்
முழங்காலில் இடித்துக்கொண்டு நின்று
பேச வேண்டியதை மூன்று தரம் பேசிப் பார்த்தேன்.
டோம்பிவிலி வரும்போது ஒன்றும் மிச்சமில்லை.

டீ போட்டான்.
எனக்குச் சர்க்கரை ஆகாது என்பது நினைவிருந்தது.
மேசையில் ஆறு வருஷ ரசீது, ஒரே கிளிப்பில்,
ஆறும் அவன் கார்டில் கட்டியது.
"மெயிலில் வந்திருந்துச்சு. கேட்டிருந்தா காட்டியிருப்பேன்."
கேட்டோமே என்றேன்.
"அதுக்குப் பேரு கேக்கதா?"
பிறகு டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
"பேரைத் தாரேன் அக்கா.
மொதல்ல என் பேரைத் தாங்க."

செயற்குழு மூன்று மணி நேரம் கூடியது.
'வருத்தம்' என்று போடலாமா, 'தவறு' என்றா.
'தகவல் இடைவெளி' என்றார் பொருளாளர்.
அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து எழுதினேன்:
ரூ. 1,180 கட்டியவர் ஜெபசிங்.
அவரைக் கள்ளன் என்றது பொய்.
அதைக் கேட்டுச் சும்மா இருந்தவர்களில்
செயலாளரும் ஒருவர்.
பக்கம் 214. ஏழு கையெழுத்து.
பொருளாளர் போட்டது மட்டும்
வரியை விட்டு இறங்கிப் போயிருந்தது.

போட்டோ எடுத்து அனுப்பினேன்.
ஒன்பதேகாலுக்கு நீல டிக்.
பதில் இல்லை.
பதினொன்றுக்கும் இல்லை.
ஒன்றே முக்காலுக்குப் பதினாறு எழுத்து வந்தது,
பெரிதும் சிறிதுமாய், நடுவில் ஒரு ஆச்சரியக்குறி.
வணக்கம் இல்லை, அக்கா இல்லை.

கண்ணாடி போட்டுக்கொண்டு ஒற்றை விரலால் தட்டினேன்.
ஒன்பதாவது இடத்தில் ஓ-வா, பூஜ்யமா?
அவனையே கேட்டேன்.
"பூஜ்யம்."

பெயர் வந்துவிட்டது.
எல்லாப் போனுக்கும் போய்ச்சேர
இரண்டு நாள் பிடிக்குமாம்.
என் போனில் பெட்டியும் வண்டியும்,
பக்கத்து வீட்டுப் போனில் இன்னும் ராணி.

விடியுமுன் ஒரு பையன் கதவைத் தட்டினான்.
யார் யாரையோ கேட்டு, சந்து மாறி வந்திருக்கிறான்.
கையில் போன், அதன் வெளிச்சம் மோவாயில்.
"இதுலதான் இருக்குன்னாங்க" என்றான்,
"அப்பா" என்றான்.
செருப்பைத் தேடாமல் சாவியை எடுத்தேன்.
வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்தும்
அவன் அதை அணைக்கவில்லை.
ஐநூறு இலவசம், ஐநூறு இலவசம் என்று
மின்னிக்கொண்டே வந்தது
கோலிவாடா வரைக்கும்.